முதல் கட்டு வீட்டுக்கு!

சேலம், அம்மாபேட்டை உழவர் சந்தையில் விடிவதற்கு முன்பே கீரைக்கட்டுகள் வந்து இறங்கிவிடும். அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை என்று தண்ணீர் தெளித்து அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தாலே வாங்கத் தோன்றும். சுற்றுப்பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களுக்கு முந்தின நாள் மாலையே வேலை தொடங்கிவிடுகிறது. அறுத்து, மண் உதறி, கட்டுப்போட்டு, ஈரச்சாக்கு போர்த்தி வைத்துவிட்டுப் படுத்தால், மூன்று மணிக்கெல்லாம் எழுந்தாக வேண்டும்.

இடைத்தரகர் இல்லாமல் விவசாயி நேரடியாக விற்க வேண்டும் என்பதற்காக 1999-ம் ஆண்டு நவம்பர் 14-ம் தேதி மதுரையில் தொடங்கப்பட்டதுதான் உழவர் சந்தைத் திட்டம். விலைப்பலகை, விவசாயிக்கு அடையாள அட்டை, எடை போடத் தராசு என்று எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு முறை உண்டு. விற்கிறவருக்கு நியாயமான விலை, வாங்குகிறவருக்கு வாடாத காய். இந்த இரண்டும் கிடைக்கின்றன. ஆனால், அந்தக் காயை விளைவித்த வீட்டில் அன்று என்ன சமையல் என்பதை எந்தப் பலகையும் சொல்வதில்லை.

சந்தைக்கு வரும் தறிக்காரர் வீட்டுப் பெண்களுக்கும் கீரை விற்கிறவர்களுக்கும் இடையே காலையில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

‘‘ஏங்க அக்கா, முருங்கக்கீரை இல்லீங்களா?’’

‘‘அது அப்பவே போயிருச்சு கண்ணு. மணத்தக்காளி மூணு கட்டு இருக்குது, எடுத்துக்க.’’

‘‘எல்லாத்தையும் குடுத்துட்டா உங்க ஊட்டுக்கு?’’

‘‘எங்களுக்கென்ன கண்ணு... மிச்சம் இருந்தா ஆக்கிக்குவோம்.’’

இந்த ‘மிச்சம் இருந்தா’ என்ற சொல்லில்தான் விவசாயக் குடும்பங்களின் உடல்நலம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

மிச்சத்தில் நடக்கும் சமையல்

நல்ல கட்டு சந்தைக்கு, வாடின கட்டு வீட்டுக்கு. நல்ல முட்டை வியாபாரிக்கு, விரிசல் விட்ட முட்டை அடுப்புக்கு. கறக்கிற பால் சொசைட்டிக்கு, வீட்டில் இருப்பது டீக்குத் தேவையான ஒரு டம்ளர். நிலக்கடலை மண்டிக்குப் போகிறது. வீட்டில் தாளிப்பது ரேஷன் பாமாயிலில். சேலம், நாமக்கல் பகுதிகளில் பல வீடுகளில் இதுதான் வழக்கம். நாமக்கல்லிலிருந்து நாடு முழுக்கவும், கடல் தாண்டியும் முட்டை போகிறது. அந்தக் கோழிப்பண்ணைக்கு மக்காச்சோளம் கொடுக்கிற விவசாயி வீட்டுக் குழந்தை, வாரத்தில் எத்தனை முட்டை சாப்பிடுகிறது என்று கேட்டால், ‘பள்ளிக்கூடத்துச் சத்துணவில் போடுறாங்க’ என்பதுதான் பல இடங்களில் பதில்.

இதை யாரும் கஞ்சத்தனத்தில் செய்வதில்லை. உரக்கடைக் கடன், பள்ளிக் கட்டணம், நகைக் கடன் வட்டி என்று ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு கணக்கு காத்திருக்கிறது. பத்து ரூபாய்க்கு விற்கிற பொருளை வீட்டிலேயே ஆக்கிச் சாப்பிடுவது பத்து ரூபாயைச் செலவழிப்பதுபோல மனதுக்குப் படுகிறது. ஆனால், அந்தப் பத்து ரூபாய் வேறு பக்கத்தில் மருந்துக்கடைக்குப் போவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

2019-21 காலத்தில் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு, அதாவது 53 சதவிகிதம் பேருக்கு, ரத்தசோகை இருக்கிறது. களை எடுக்கும்போது மூச்சு வாங்குவது, குனிந்து எழுந்தால் கண் இருட்டுவது, மாலையில் கால் ஓய்ந்துபோவது போன்றவற்றை ‘வேலை அசதி’ என்று தள்ளிவிடுகிறார்கள். பல நேரங்களில் அது ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்ததன் அடையாளம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

களி போய் சோறு வந்த கதை

சேலம், நாமக்கல் மானாவாரிப் பூமியில் இரண்டு தலைமுறைக்கு முன்பு தினசரிச் சாப்பாடு ராகிக்களி, கம்மஞ்சோறு, சோளச்சோறு. தொட்டுக்கொள்ள கடைந்த கீரையோ, கொள்ளுப் பருப்போ, தட்டைப்பயறு, அவரைக்கொட்டைக் குழம்போ இருக்கும். நெல்லுச்சோறு என்பது நோம்பிக்கும், விருந்துக்கும்தான். அந்தச் சாப்பாட்டில் வறுமையும் இருந்தது. வயிறு நிறையாத நாள்கள் அதிகம். அதனால், பழையதெல்லாம் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது.

நியாயவிலைக் கடை அரிசியும், 2011-ம் ஆண்டிலிருந்து வந்த விலையில்லா அரிசியும் பசியை விரட்டின. அது சாதாரண விஷயம் அல்ல. கம்பைக் குத்திப் புடைத்து உமி நீக்குகிற வேலையிலிருந்து பெண்களின் தோளுக்கும் விடுதலை கிடைத்தது. சோளமும் ராகியும் நின்ற மேட்டுக்காட்டில் மரவள்ளி ஏறியது. சேகோ ஆலைகள் பணம் கொடுத்தன.

இதில் கவனிக்காமல் விட்டது ஒன்றுதான். தானியம் மாறியபோது, கூடவே தொடுகறியும் குறைந்துபோனது. களியை வெறுமனே விழுங்க முடியாது. கீரையோ, பருப்போ தாராளமாக வேண்டும். சோற்றுக்கு ஒரு கரண்டி ரசமும், ஓர் ஊறுகாய்த் துண்டும் போதும் என்றாகிவிட்டது. தட்டில் அரிசி மலையாக ஏற, காயும் பருப்பும் ஓரத்துக்குப் போய்விட்டன.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கான தட்டு விவரிக்கப்பட்டிருக்கிறது. தானியம் 250 கிராம், காய்கறி, கீரை சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை, இறைச்சி 85 கிராம் என்பது அந்தக் கணக்கு. தானியத்தைவிடக் காய்தான் அதிகம். காட்டில் வெயிலில் உழைக்கிறவருக்குத் தானியம் கூடுதலாகத் தேவைப்படலாம். ஆனாலும் காய், பருப்பின் பங்கு குறையக் கூடாது.

ராகி சாப்பிட்டால் சர்க்கரை குறையுமா?

விவசாயிகள் கூடுகிற இடங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆதரவுடன் நடந்த பெரிய ஆய்வு 2023-ம் ஆண்டு சொன்னது. கிராமத்திலும் வீட்டுக்கு வீடு மாத்திரை டப்பா வந்துவிட்ட நிலையில், ‘சோற்றை விட்டுக் களிக்கு மாறினால் மாத்திரையை நிறுத்திவிடலாம்’ என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. இது தவறான நம்பிக்கை.

ராகியிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான். நைசாக அரைத்த மாவில் கூழ் காய்ச்சி, வெல்லம் போட்டுக் குடித்தால் ரத்தத்தில் சர்க்கரை வேகமாகவே ஏறும். அதே ராகி, தவிட்டோடு அரைத்து, அளவான உருண்டையாக, நிறைய கீரைக்குழம்போடு வயிற்றுக்குள் போனால் மெதுவாகச் செரிக்கும். அளவும், கூடச் சேர்வதும்தான் முக்கியம். மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும். நாட்டுச்சர்க்கரையும், வெல்லமும் சர்க்கரை நோயாளிக்கு வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்று ஆகாது. சேலத்தின் பெருமையான ஜவ்வரிசியும் ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்துதான். விசேஷ நாளில் பாயசம் குடிக்கலாம். தினசரி உணவாக அதில் புரதமோ, நார்ச்சத்தோ எதிர்பார்க்க முடியாது.

ராகியின் உண்மையான பெருமை வேறு. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அரிசியில் அது மிகச் சொற்பம். வளரும் பிள்ளைகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மாருக்கும், வயதான பெண்களுக்கும் வாரத்தில் சில நாள் ராகி நல்லது. முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சும் பழைய கூழ் முறைக்கும் அர்த்தம் உண்டு. தானியத்தில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும் பைட்டேட் என்ற பொருள், புளிக்கும்போதும் முளைகட்டும்போதும் குறைகிறது.

செலவில்லாத நான்கு மாற்றங்கள்

விவசாய வீட்டில் ஊட்டச்சத்துக்காக டப்பாவில் அடைத்த பவுடர் வாங்கத் தேவையில்லை. விளைகிற பொருளிலேயே வழி இருக்கிறது.

முதலாவது, டீ குடிக்கும் நேரம். கீரை, கம்பு, பயறு ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்தை டீயில் உள்ள டானின் தடுத்துவிடும். சாப்பிட்ட உடனே டீ குடிக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போட வேண்டும். அதற்குப் பதிலாகச் சாப்பாட்டோடு அரை நெல்லிக்காயோ, கொய்யாத் துண்டோ சேர்த்துக்கொண்டால், அவற்றில் உள்ள வைட்டமின் சி இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். பொரியலை இறக்கியபின் எலுமிச்சை பிழிந்துகொள்வதும் அதற்குத்தான்.

இரண்டாவது, காலை உணவு. சந்தைக்குப் போகிறவர்கள் மூன்று மணிக்கு ஒரு டீ, ஆறு மணிக்கு டீயும் பன்னும், பத்து மணிக்குப் பரோட்டா என்று ஓட்டுகிறார்கள். அவித்த முட்டை இரண்டும், ஒரு கைப்பிடி வேகவைத்த கடலையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனால் பசி தாங்கும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. உலர்ந்த கடலையில் எடைக்கணக்கில் சுமார் கால் பங்கு புரதம்.

மூன்றாவது, கீரைச் சமையல். நறுக்கிய பின் கழுவினால் சத்து தண்ணீரோடு போகும். கழுவிய பின்தான் நறுக்க வேண்டும். கொஞ்சம் எண்ணெயோ, பருப்போ, தேங்காயோ சேர்த்துச் சமைத்தால், கண்ணுக்குத் தேவையான வைட்டமின் ஏ-யை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும்.

நான்காவது, நொறுக்குத்தீனி. அம்மாபேட்டையில் மாலை நேரத்தில் தட்டுவடை செட் வண்டியைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். கேரட், பீட்ரூட் துருவலை இரண்டு தட்டுவடைக்கு நடுவே வைத்து, சட்னி தடவிக் கொடுக்கும் அந்த ருசியை யாரும் விட வேண்டியதில்லை. நடுவில் இருக்கும் காய் நல்லதுதான். மேலும் கீழும் இருப்பது எண்ணெயில் பொரித்தது என்பதை நினைவில் வைத்து, தினமும் என்பதை வாரம் ஒருமுறை என்று ஆக்கிக்கொண்டால் போதும்.

கட்டு வீட்டுக்கு வந்தால் காடும் மாறும்

இவற்றையெல்லாம்விடப் பெரிய மாற்றம் வரிசையை மாற்றுவது. விற்றது போக மிச்சம் வீட்டுக்கு என்பதை, வீட்டுக்கு எடுத்தது போக மீதி சந்தைக்கு என்று ஆக்குவது. நாலு பேர் உள்ள வீட்டுக்குத் தினமும் இரண்டு கட்டுக் கீரை எடுத்து வைத்தால், கட்டு பத்து ரூபாய் என்றே கணக்குப் போட்டாலும் மாதம் 600 ரூபாய். ஒருமுறை காய்ச்சலுக்கோ, மயக்கத்துக்கோ தனியார் மருத்துவமனைப் படி ஏறினால் ஆகும் செலவை நினைத்தால் இது பெரிய தொகை அல்ல.

இந்த வரிசை மாறும்போது இன்னொன்றும் நடக்கிறது. பூச்சிமருந்து அடித்த காட்டுக்குள் நின்றுகொண்டு, ‘இதில் ஒரு கட்டு நம் பிள்ளைக்கு’ என்று கை வைக்கும்போது, கடைசியாக மருந்து அடித்த தேதி ஞாபகத்துக்கு வந்தே தீரும். மருந்து டப்பாவோடு வரும் துண்டுத்தாளில், அடித்த பிறகு எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்ற காத்திருப்புக் காலம் அச்சிடப்பட்டிருக்கும். மூன்று, நான்கு வாரத்தில் அறுக்கிற கீரைக்கு அந்தக் காலத்தைத் தாண்டுவது கடினம். செடிக்குள் ஊடுருவிப் பாயும் மருந்தாக இருந்தால், எத்தனை முறை கழுவினாலும் போகாது. அதனால்தான் பல விவசாயிகள் வீட்டுக்கென்று கிணற்றோரம் மருந்து அடிக்காத இரண்டு பாத்தி தனியாக வைத்திருக்கிறார்கள்.

அந்த இரண்டு பாத்தியே ஒரு சாட்சி. வேப்பங்கொட்டைக் கரைசலும், மஞ்சள் ஒட்டுப்பொறியும், ஒரே கீரையைத் திரும்பத் திரும்ப விதைக்காமல் மாற்றி விதைப்பதும் வீட்டுப் பாத்திக்குப் போதுமென்றால், சந்தைப் பாத்திக்கும் படிப்படியாகக் கொண்டுபோக முடியும். தன் வீட்டு உலைக்கு எடுக்கத் தயங்காத கீரையைத்தான், ‘எடுத்துக்க கண்ணு’ என்று அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் தைரியமாக நீட்ட முடியும். காட்டில் அறுக்கும் முதல் கட்டு வீட்டுக்குப் போகட்டும். மற்றதெல்லாம் பிறகு வண்டி ஏறட்டும்.