இரண்டு பேட்டரி, ஒரு போல்ட்

1903 டிசம்பர் 17 அன்று கிட்டி ஹாக் மணலிலிருந்து ரைட் சகோதரர்களின் விமானம் மேலே போனது. அதன் பேட்டரி போகவில்லை. சார்லி டெய்லர் கட்டிக்கொடுத்த, சுமார் 12 குதிரைசக்தி கொண்ட அந்த இன்ஜினுக்குக் கிளம்பும் நேரத்துத் தீப்பொறிக்கு மட்டும்தான் பேட்டரி வேண்டியிருந்தது. இன்ஜின் பிடித்ததும் வயரைக் கழற்றித் தரையிலேயே விட்டுவிட்டார்கள். அதற்கு மேல் தீப்பொறியைப் பார்த்துக்கொண்டது பிளைவீலோடு உரசிச் சுழன்ற ஒரு மேக்னெட்டோ.

இந்தக் கதையைக் கேட்ட அண்ணாச்சி கையிலிருந்த ஆல்டர்னேட்டரைக் கீழே வைக்கவில்லை. "வெயிட்டுக்காக விட்டிருப்பாங்க. நம்பிக்கை இல்லாமலும் விட்டிருக்கலாம்லா" என்றார்.

அவருடையது ஓட்டப்பிடாரம் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை. வாசலில் இரண்டு டிராக்டர், ஒரு லோடு ஆட்டோ, பானட் திறந்து கிடக்கும் பழைய மாருதி. குறுக்குச்சாலை என்ற பக்கத்து ஊர் வழியாக மதுரை - தூத்துக்குடி நெடுஞ்சாலை ஓடுகிறது. உப்பு லாரியும் நிலக்கரி லாரியும் போகும் வழி அது. புதியம்புத்தூரிலிருந்து ரெடிமேட் துணி ஏற்றிவரும் வேன்கள், தருவைகுளத்து வள்ளங்களிலிருந்து கழற்றிக் கொண்டுவரும் செல்ப் மோட்டார்கள் எல்லாம் இப்படிப்பட்ட பட்டறைகளுக்குத்தான் வந்து சேர்கின்றன. கார்பன் மாற்றுவது, பெண்டிக்ஸ் மாற்றுவது, ஆர்மேச்சரை உரசிச் சுத்தம் செய்வது, எரிந்த காயிலை அவிழ்த்து மறுபடி சுற்றுவது என்று நாள் போகும். கோடையில் கரிசல் புழுதி மாவாகப் பறந்து ஆல்டர்னேட்டரின் காற்றுத் துளைகளில் அடைந்துகொள்ளும். கடற்கரையிலிருந்து வரும் சாமானில் புழுதிக்குப் பதில் உப்பு. தாமிர வயரின் ரப்பரை உரித்தால் உள்ளே பச்சையாக இருக்கும்.

விமானம் கட்டுகிறவர் யாரும் இங்கே இல்லை. வாகைக்குளம் விமான நிலையத்துக்கு வரும் ஏடிஆர் விமானம் தலைக்கு மேலே போகும். 2025 ஜூலையில் அங்கே புது முனையம் திறந்தார்கள். ஊருக்கும் விமானத்துக்கும் அவ்வளவுதான் உறவு. 1906-இல் வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி. பிறந்த ஊர் என்பதால், ஆகாயக் கப்பலைப் பற்றிக் கேட்டாலும் யாரும் சிரிப்பதில்லை என்பது ஒரு வசதி. கையால் கட்டிய விமானம் பறந்த இடம் தேடினால் மணிமுத்தாறு வரைக்கும் போகவேண்டும். பேச்சும் கேள்வியும் இல்லாத இடுக்கி மாவட்டத்து சஜி தாமஸ் தானே கட்டிய இலகு விமானம் 2014-இல் அங்கேதான் பறந்தது. அதற்கு முன்னால் அவர் செய்து பார்த்ததில் மோட்டார் பைக் இன்ஜின் இருந்தது.

கார் இன்ஜினை விமானத்தில் வைப்பது வெளிநாடுகளில் நூறு வருஷத்தை நெருங்கும் பழக்கம். அமெரிக்காவின் மினசோட்டாவில் பெர்னார்ட் பீட்டன்போல் 1929-இல் போர்டு மாடல் ஏ இன்ஜினை வைத்து ஒரு மர விமானத்தைப் பறக்கவிட்டார். பிறகு போக்ஸ்வாகன் வந்தது, ஷெவர்லே கார்வேர் வந்தது, சுபாரு வந்தது, சுசூகியின் 993 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜினும் வந்தது. இந்தக் கடைசி இன்ஜின் மாருதி 800-ஐ அவிழ்த்துப் போட்டவருக்கு அந்நியமாகத் தெரியாது. காரணம் எங்கும் ஒன்றுதான்: விமானத்துக்கென்றே செய்த இன்ஜின் வாங்கக் காசு பத்தாது.

பிஸ்டனும் கிராங்கும் பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடுகின்றன. காலை வாருவது சுற்றி இருப்பவை: தண்ணீர், பெட்ரோல், புரொப்பல்லர் வேகத்தைக் குறைக்கும் கியர், எல்லாவற்றையும்விட வயரிங். அதனால்தான் நான் மெக்கானிக்கைத் தேடாமல் எலக்ட்ரீஷியனைத் தேடிப் போனேன். கையில், சுசூகி வகை இன்ஜினை விமானத்துக்கு வயரிங் செய்யும் ஒரு மாதிரிப் படம். அதை அண்ணாச்சி ஸ்டூலின் மேல் விரித்து, நான்கு மூலையிலும் நான்கு பேரிங்கை வைத்தார். சாவியிலிருந்து விரலை ஓட்டத் தொடங்கினார்.

காரில் சாவியைத் திருப்பினால் ஒரு ரிலே இழுக்கும். அது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும். கம்ப்யூட்டர் இன்னொரு ரிலேயை இழுத்து பெட்ரோல் பம்பை ஓட்டும். காயிலும் இன்ஜெக்டரும் அதற்குப் பிறகுதான். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் இன்ஜின் நின்றுவிடும். ரோட்டில் அது நல்லது. விபத்தில் வண்டி உருண்டால் பம்ப் தானாக நிற்க வேண்டும், திருடன் வந்தால் வண்டி கிளம்பக் கூடாது. மேக்னெட்டோ வைத்த விமான இன்ஜின் இதற்கு நேர் எதிர். அதை நிறுத்துவதற்குத்தான் வயர் இருக்கிறது: சுவிட்ச் மேக்னெட்டோவை எர்த் செய்தால் தீப்பொறி நிற்கும். அந்த வயர் அறுந்தால் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி இரண்டு மேக்னெட்டோ, சிலிண்டருக்கு இரண்டு பிளக்.

"அப்போ பழைய டீசல் மாதிரி" என்றார் அண்ணாச்சி. சரியாகப் பிடித்தார். வாசலில் நின்ற டிராக்டரும், தருவைகுளத்து வள்ளத்து இன்ஜினும் ஒருமுறை ஓட ஆரம்பித்தால் பேட்டரியைக் கேட்பதில்லை; நிறுத்தத்தான் கம்பியை இழுக்கவேண்டும். கடலுக்குப் போகிறவருக்கு பேட்டரி செல்ப்புக்கும் விளக்குக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் மட்டும். பேட்டரி செத்தாலும் கரை வந்து சேரலாம்.

ஆனால் அந்த டீசலும் இப்போது மாறிவிட்டது. 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் டீசலும் கம்ப்யூட்டர் சொன்னால்தான் ஓடும். ஒரு சென்சார் சந்தேகப்பட்டால் மஞ்சள் விளக்கு எரிந்து, வண்டி இழுவையைக் குறைத்துக்கொண்டு ஊர்ந்து போகும். ஓரங்கட்டி போன் போடலாம். பறக்கும்போது கம்ப்யூட்டர் தானாகச் சக்தியைக் குறைத்தால் எங்கே ஓரங்கட்டுவது? அதனால்தான் விமானம் கட்டுகிறவர்கள் கம்பெனி கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, இம்மொபிலைசரும் புகைக் கட்டுப்பாட்டுத் தந்திரங்களும் இல்லாத எளிய பெட்டி ஒன்றை வைக்கிறார்கள். கனடாவின் எஸ்டிஎஸ் அப்படி ஒன்று. சிலர் அதையும் இரண்டாக வைப்பார்கள்.

அடுத்து எர்த். காரில் பேட்டரியின் நெகட்டிவ் பாடியில் முடிகிறது. விளக்குக்கு ஒரு வயர் போதும், திரும்பும் வழி தகரம். மரத்தாலும் துணியாலும் பைபராலும் கட்டிய விமானத்தில் தகரம் ஏது? ஒவ்வொரு சாமானுக்கும் போக ஒன்று, வர ஒன்று. வள்ளத்து வயரிங் பார்த்த கைக்கு இது புதிதில்லை. "பைபர் போட்டுல எர்த்துன்னு தனியா ஒண்ணு கிடையாது. நாமதான் இழுக்கணும்" என்றபடி விரல் அடுத்த கோட்டுக்குப் போய்விட்டது.

நின்ற இடம் ஆல்டர்னேட்டர். இங்கே மட்டும் அவர் முகத்தில் ஒரு உரிமை வந்தது. காரின் இன்ஜின் பாதி நேரம் சிக்னலில் மெதுவாக ஓடும். அப்போதும் பேட்டரி ஏறவேண்டும் என்பதற்காக ஆல்டர்னேட்டர் புல்லியைச் சிறிதாக வைக்கிறார்கள். விமானத்தில் இன்ஜின் ஒரே வேகத்தில், அதுவும் உச்சத்துக்கு அருகில், மணிக்கணக்கில் ஓடும். அதே புல்லியை விட்டுவைத்தால் ஆல்டர்னேட்டர் தேவைக்கு மேல் சுற்றி பேரிங்கையும் கார்பனையும் தின்றுவிடும். ஆகவே பெரிய புல்லி. அண்ணாச்சி அலமாரியில் துழாவி, பழைய வேனிலிருந்து கழற்றிய ஒன்றை எடுத்துக் காட்டி, "இது போதும்" என்றார், விமானமே வாசலில் நிற்பதுபோல.

ரெகுலேட்டர் கெட்டால் இரண்டு விதம். ஒன்று, சார்ஜ் வராது. இன்னொன்று கொடியது: 14 வோல்ட்டில் நிற்க வேண்டியது 16, 17 என்று ஏறிக்கொண்டே போகும். காரில் பேட்டரி கொதிக்கும், பல்பு பியூஸ் ஆகும். கம்ப்யூட்டரை நம்பிப் பறக்கும் இன்ஜினில் எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் வேகும். அதற்காக வோல்ட்டேஜ் எல்லை தாண்டினால் ஆல்டர்னேட்டரைத் தானாக வெட்டிவிடும் ஒரு சாதனமும், கையால் வெட்ட ஒரு சுவிட்சும் படத்தில் இருந்தன. வெட்டிய பிறகு பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? பம்ப், காயில், இன்ஜெக்டர், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 10 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், 18 ஆம்பியர்-மணி பேட்டரி காகிதத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் வரும். கணக்கைக் கேட்ட அண்ணாச்சி தலையை ஆட்டினார். பேட்டரி மேல் எழுதியிருப்பது 20 மணி நேரத்தில் மெல்ல இறக்கினால் கிடைக்கிற அளவு. வேகமாக இறக்கினால் அது கிடைக்காது, இரண்டு கோடை பார்த்த பேட்டரியில் பாதியும் கிடைக்காது. முக்கால் மணி நேரம் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.

அதனால் படத்தில் இரண்டு பேட்டரி. இரண்டு இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஜெர்மனியின் ஸ்பெயர் நகரில் 2007 மார்ச்சில் நடந்ததைச் சொல்லவேண்டும். டைமண்ட் டிஏ42 என்ற இரட்டை இன்ஜின் விமானம். இரண்டும் மெர்சிடஸ் ஏ-கிளாஸ் காரின் டீசல் இன்ஜினிலிருந்து உருவாக்கியவை. வீட்டில் கட்டியது அல்ல, முறைப்படி சான்று பெற்ற கம்பெனி விமானம். பேட்டரி இறங்கிக் கிடந்தது. வெளிக் கரண்டின் துணையோடு இன்ஜின்களைக் கிளப்பினார்கள். இரண்டும் அழகாக ஓடின. மேலே எழும்பியதும் சக்கரத்தை மடக்கும் மோட்டார் சேர்த்து இழுத்தது. தாங்கிப்பிடிக்கப் பேட்டரியில் சரக்கு இல்லை. வோல்ட்டேஜ் ஒரு கணம் சரிந்தது. அந்த ஒரு கணத்தில் இரண்டு இன்ஜின் கம்ப்யூட்டர்களும் அணைந்து மறுபடி தொடங்கின, இரண்டு புரொப்பல்லர்களும் இறக்கையைத் திருப்பிக்கொண்டு நின்றன. விமானம் புறப்பட்ட சற்று நேரத்திலேயே அவசரமாகத் தரையில் இறங்கியது. பிறகு கம்ப்யூட்டர்களுக்கென்று தனியாகச் சிறு பேட்டரிகள் வந்தன.

இதைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை. செல்ப் அடிக்கும்போது டேஷ்போர்டு விளக்கு மங்குவதைத் தினமும் பார்க்கிற ஆள். பேட்டரி இறங்கிய வண்டியைத் தள்ளிக் கிளப்பி, அப்படியே மதுரைக்குப் போகலாம் என்று நினைக்கிற டிரைவர்களையும் அவர் பார்க்கிறார்.

பின்னால் உட்கார்ந்து ஆர்மேச்சரைத் தேய்த்துக்கொண்டிருந்த பையன் இடையில் கேட்டான், "அண்ணாச்சி, பழைய பாயின்ட் செட்ட வச்சா என்ன?" கேள்வியில் விவரம் இருந்தது. கார்வேர் இன்ஜினை விமானத்துக்கு மாற்றுவதில் பேர்பெற்ற வில்லியம் வின் ஒரே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எலக்ட்ரானிக் ஒன்றும் பழைய பாயின்ட் செட் ஒன்றும் வைக்கிறார், காயிலும் இரண்டு. எலக்ட்ரானிக் போனால் சுவிட்சைத் தட்டி பாயின்ட்டுக்கு மாறலாம். பாயின்ட் செட்டையும் கண்டன்சரையும் இந்தப் பட்டறையில் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார்கள். அம்பாசடர்காரர் யாராவது எப்போதாவது கேட்டு வருவார்.

வயரை இணைப்பதில்தான் வாதம் வந்தது. அண்ணாச்சிக்கு ஈயம் வைத்துப் பற்றவைத்தால்தான் திருப்தி. விமானக்காரர்கள் லக்கை வைத்து அழுத்துவதையே விரும்புகிறார்கள். ஈயம் வயரின் இழைகளுக்குள் ஏறி நிற்கும் இடம் விறைத்துவிடும். விறைப்பு முடிந்து நெளிவு தொடங்கும் அந்தப் புள்ளியில், அதிர்வில் இழை ஒவ்வொன்றாக ஒடியும். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பற்றவைத்த இடத்துக்குப் பின்னால் ஒரு விரல்கடை தள்ளி வயரைக் கட்டிவைத்தால் ஏன் ஒடிகிறது என்றார். அதுவும் உண்மைதான், அப்படிக் கட்டினால் பற்றவைத்த இணைப்பும் நிற்கும். பிளையரால் நசுக்கிய லக்கைவிட, நன்றாகப் பற்றவைத்துக் கட்டிய வயர் மேல் என்பதே என் முடிவு. சரியான கிரிம்பிங் கருவி இருந்தால் கதை வேறு. காரின் பிவிசி வயர் எரிந்தால் கக்கும் புகையைப் பற்றி மட்டும் அவர் வாதாடவில்லை. மூடிய காக்பிட்டில் அந்தப் புகை என்ன செய்யும் என்று அவருக்குச் சொல்லவேண்டியதில்லை.

சோதனை எப்படி என்று கேட்டார். விமானத்தின் வாலைக் கட்டிப்போட்டு, இன்ஜினை முழு வேகத்தில் ஓடவிட்டு, ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பார்கள்: ஆல்டர்னேட்டரை வெட்டு, முதல் பேட்டரியை வெட்டு, ஒரு பம்பை நிறுத்து, ஒரு கம்ப்யூட்டரை நிறுத்து. எதை நிறுத்தினாலும் இன்ஜின் சத்தம் மாறக் கூடாது. இதெல்லாம் முடிந்தாலும் இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பதிவும் பறக்கும் அனுமதியும் வேண்டும். மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய பைலட் அமோல் யாதவுக்குப் பதிவு கிடைக்க 2017 நவம்பர் வரை ஆனது.

அண்ணாச்சி அனுமதிக் கதையில் அக்கறை காட்டவில்லை. அவர் விரல் படத்தின் அடிப்பக்கத்துக்குத் திரும்பியிருந்தது. இரண்டு பேட்டரி, இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு பம்ப். எல்லாவற்றின் எர்த் வயர்களும் இன்ஜினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவிலுள்ள தகட்டில் ஒரே பித்தளை போல்ட்டில் வந்து முடிந்திருந்தன. ஒரே இடத்தில் எர்த் செய்தால் ரேடியோவில் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் குறையும். அதற்காகத்தான் அப்படி வரைகிறார்கள். அந்த ஒரு போல்ட் தளர்ந்தால் என்ன என்பது விமானம் கட்டுகிறவர்களுக்குள்ளும் ஓயாத வழக்கு. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அதைச் சுற்றி வட்டம் போட்டார். பக்கத்திலேயே இன்னொரு போல்ட் வரைந்து, இரண்டாவது பேட்டரியையும் இரண்டாவது கம்ப்யூட்டரையும் அதற்கு மாற்றினார்.

"ரேடியோ இரைஞ்சா இரைஞ்சிட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, லோடு ஆட்டோக்காரர் காத்திருப்பதைக் காட்டி எழுந்தார்.