தேறலும் உப்பும்

மதுவைக் குடிப்பது வேறு, சுவைப்பது வேறு என்பது என் புதுச்சேரி நண்பரின் சித்தாந்தம். சனிக்கிழமை மாலை அவர் வீட்டில் எங்கள் நால்வருக்கும் பாடம் நடந்தது. கோப்பையைச் சுழற்ற வேண்டும், முகர வேண்டும், பிறகு நாவில் நிறுத்த வேண்டும். பிரெஞ்சு ஒயினில் எனக்கு அகப்பட்டது புளிப்பும் துவர்ப்பும்தான்.

மறுநாள் காலை மரக்காணம் போனோம். 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. அப்பால் உப்பளம், பாத்தி பாத்தியாய்க் கண் கூசும் வெளுப்பு. வரப்பின் மேல் பெண்கள் கூடைகளில் உப்புச் சுமந்து போனார்கள்.

"சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்கிறார்கள், ஸார்! வழிப்போக்கரான பாணருக்குப் பரதவர்கள் தேறலும் சுட்ட மீனும் கொடுத்தார்களாம். ஒயினுக்கு ஏற்ற இடம்!" என்றார் நண்பர்.

எனக்கோ பக்கத்திலிருந்த எக்கியார்குப்பம் நினைவுக்கு வந்தது. 2023 மே மாதம், அந்த மீனவக் குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும். முதலில் கண்ணையும் பிறகு உயிரையும் பறிக்கும். சாராயத்தில் அது கலந்திருப்பதை மணமும் காட்டிக்கொடுக்காது, ருசியும் காட்டிக்கொடுக்காது. எத்தனை முறை கோப்பையைச் சுழற்றி என்ன பயன்?

அந்தப் பாணன் தேறலை முகர்ந்து பார்த்திருக்க மாட்டான். கொடுத்தவர் முகத்தைப் பார்த்திருப்பான்; அது போதுமானதாக இருந்தது. குப்பத்து மனிதனும் அப்படித்தான், தெரிந்த கையிலிருந்து நம்பி வாங்கிக் குடித்தான். தேறல் கெட்டுப்போனதைவிட, அந்த நம்பிக்கை கெட்டுப்போனதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.