பனிநிலத்து மண்ணுயிர்கள்

எப்புண்ணையும் காலம் ஆற்றும் என்று உலகத்தார் கூறுவர். மண்ணிற் பட்ட புண்ணுக்கும் இது பொருந்துமோ என்னும் வினா எழ, வடபுலக் குளிர்நாடுகளில் எண்ணெய் கொட்டிய நிலங்களைப் பற்றி விடுமுறை நாட்களில் யாம் படித்தறிந்தவற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம். தமிழ் பயில்வார்க்கு இஃது எற்றுக்கு என நண்பர் சிலர் வினவினர். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அந்நிலத்து வாழ்வன கருப்பொருள் என்றும் கற்கும் எமக்கு, முதற்பொருள் கெட்டவழிக் கருப்பொருள் என்னாகும் என்று அறியும் விருப்பம் எழுதல் இயல்பேயன்றோ?

வடதுருவத்தை அடுத்த தூந்திரப் பகுதியில், நிலத்தின் அடிப்பகுதி ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். வேனிலில் மேன்மண் மட்டும் சிறிதளவு இளகும். அம்மெல்லிய மண்ணே ஆங்குள்ள உயிர்களின் வீடு. பாக்டீரியாக்களும், பூஞ்சணங்களும், நூல்போன்ற புழுக்களும், வாலை உந்தித் துள்ளும் சிறு பூச்சிகளும் அதனுள் வாழ்ந்து, மடிந்த பாசியையும் புல்லையும் மீண்டும் உரமாக்குகின்றன.

2020-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள், சைபீரியாவின் வடபாலுள்ள நோரில்ஸ்க் நகரின் அருகே, ஓர் அனல்மின் நிலையத்தின் சேமிப்புத் தொட்டி பழுதுற்று, 20,000 டன்னுக்கு மேற்பட்ட டீசல் வெளிப்பட்டது. அதிற் பெரும்பகுதி அம்பர்னாயா முதலிய ஆறுகளிற் கலந்தது. செந்நிறமுற்ற அந்நீரை உலகம் படங்களிற் கண்டது. மண்ணிற் சுவறிய பகுதியோ கண்ணுக்குப் புலனாகாது மறைந்தது.

அவ்வாறு சுவறிய எண்ணெய் என் செய்யும்? மண்துகள்களைப் போர்த்து, நீரும் பிராணவாயுவும் உட்புகாது தடுக்கும். அதிலுள்ள நச்சுப்பொருள்கள் புழு பூச்சிகளை மாய்க்கும். அடியிலுள்ள உறைமண் தடுத்தலின், எண்ணெய் பெரிதும் பக்கங்களிற் பரவி, உயிர்கள் மிக்குறையும் மேன்மண்ணிலேயே தங்கும். பாசி பட்டொழிந்து கறுத்த நிலம் ஞாயிற்றின் வெம்மையை மிகுதியாக ஏற்றலின், உறைமண் ஆழமாக உருகி நிலமே அமிழ்தலும் உண்டு.

எனினும், எண்ணெயையே உணவாகக் கொள்ளும் பாக்டீரியாக்களும் அம்மண்ணிலேயே உள்ளன என்பது எம்மைப் பெரிதும் வியப்பித்தது. பிற இனங்கள் குன்ற, இவை பெருகித் தம் தொழிலைத் தொடங்குகின்றன. ஆயின், எண்ணெயில் மிகுந்திருப்பது கரியே. உடல் வளர்க்க வேண்டும் நைட்ரஜனும் பாஸ்பரசும் துருவ மண்ணில் மிக அருகியே கிடைக்கும். குளிர் மிகமிக அவற்றின் தொழில் தளர்ந்து, நிலம் உறைந்தபின் பெரும்பாலும் நின்றுவிடும். நமக்கு ஆண்டொன்றுக்குத் திங்கள் 12. அவ்வேலையாட்களுக்கோ இரண்டு மூன்றே.

1976-ஆம் ஆண்டில் அலாஸ்காவின் பேர்பாங்க்ஸ் நகரை அடுத்த ஊசியிலைக் காட்டில், ஆராய்ச்சியாளர் பனிக்காலத்தில் ஒருமுறையும் வேனிலில் ஒருமுறையும் கச்சா எண்ணெயைத் தாமே ஊற்றி, நிகழ்வதை நோக்கினர். 15 ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோதும் அம்மண்ணில் எண்ணெய் எஞ்சியிருந்தது.

மனிதர் உதவுதல் கூடும். அளவறிந்து உரமிட்டும், மண்ணைக் கிளறிக் காற்றோட்டம் அளித்தும் அவ்வுயிர்களின் தொழிலை ஊக்கலாம். உரம் அளவு மிஞ்சினோ, உப்பு மிகுந்து அவற்றையே வாட்டும். மாசுற்ற மண்ணை அகழ்ந்தெடுத்தாலோ, உறைமண் வெளிப்பட்டு வேறொரு கேடு விளையும். வேற்றிடத்து நுண்ணுயிர்களைக் கொணர்ந்து விடுதலினும், அங்கேயே தோன்றிக் குளிரிற் பழகியவற்றைப் பேணுதலே பெரும்பாலும் பயன் தருவதாம்.

மனிதன் மண்ணினின்றே உருவாக்கப்பெற்றான் என்றும், தோட்டத்தைப் பேணும் பொறுப்பு அவனுக்கு அளிக்கப்பெற்றது என்றும் எம் மறைநூல் கூறும். அப்பணியில் நமக்கு முன்னரே அமர்ந்து, புகழும் கூலியும் வேண்டாது உழைப்பவை இச்சிற்றுயிர்கள். பேருந்திலும் புகைவண்டியிலும் கல்லூரிக்கு வருகின்ற யாமும் எண்ணெயின் பயனைத் துய்ப்பவரே. ஆதலின் இக்கேட்டைப் பிறர்மேல் ஏற்றிவிட்டு யாம் அமைதல் தகாது. ஒரு பகலிற் கொட்டியதை அவை பல்லாண்டு சுமக்கின்றன. காலம் தானாக எதனையும் ஆற்றுவதில்லை. காலத்தினுள்ளே உழைக்கும் உயிர்களே ஆற்றுகின்றன. அவ்வுயிர்களுக்கு உழைக்கும் காலம் குறுகிய நாட்டில், தொட்டிக்கும் குழாய்க்கும் காவல் மிகுதல் வேண்டும். பழுதுறுமுன் செப்பனிடும் செலவு, பின்னர் அம்மண் படும் பாட்டினை நோக்க மிகச் சிறிதேயாம்.