முருங்கை மரத்தடியில் மணி

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் கொருக்குப்பேட்டை வீட்டுப் பின்கட்டுக்குத் தேரைகள் வந்துவிடும். தோட்டம் என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆயா வைத்த முருங்கை, ஒரு செம்பருத்தி, பெயின்ட் டப்பாக்களில் துளசியும் கற்பூரவல்லியும். சுவருக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். விளக்கடியில் விழும் ஈசலுக்குத் தேரை வரும். தேரையைப் பிடிக்க எங்கள் நாய் மணி பாயும்.

ஒரு ராத்திரி மணி வாயெல்லாம் நுரையோடு உள்ளே ஓடிவந்தது. தலையை உதறி உதறி, முன்னங்காலால் வாயைப் பிறாண்டியது. "வெறி புடிச்சிக்கிச்சு" என்று பக்கத்து வீட்டு மாமா கட்டையோடு வந்துவிட்டார். ஆயா குறுக்கே நின்றது. "கட்டைய கீழ போடு நைனா. போன மாசந்தான் ஊசி போட்டோம். இது தேரையக் கடிச்சிருக்கு."

மணியின் தலையைக் கீழே சாய்த்துப் பிடித்து, ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் துடைத்துத் துடைத்து எடுத்தது. கடைவாய் ஓரமாகத் தண்ணீர் விட்டது. தொண்டைக்குள் போகாமல் வெளியே வழியும்படி. அரை மணியில் நுரை அடங்கியது. காலையில் என்னைக் கூப்பிட்டுத் தேரையைக் காட்டியது. கண்ணுக்குப் பின்னால் இரண்டு புடைப்பு. கடிபட்டால் அதிலிருந்து பால்போல நஞ்சு கசியும். நிறைய உள்ளே போனால் நாயின் இதயத்துடிப்பையே குலைத்துவிடும்.

அடுத்த கோடையில் தெருவில் யாரோ பெருச்சாளிக்குக் கருவாட்டில் கறுப்புப் பொடி வைத்தார்கள். தின்றுவிட்டுத் தள்ளாடிய ஒன்றை மணி முருங்கையடியில் போட்டுத் தின்றது. சாயங்காலம் வாந்தி. மூச்சில் அழுகிய பூண்டு வாடை. வயிறு காய்கிறதே என்று அம்மா பாலும் சோறும் பிசைந்து ஊட்டினாள். அப்பா சைக்கிளை எடுத்தார். சாக்கில் சுற்றிய மணியை மடியில் வைத்துக்கொண்டு நான் கேரியரில் உட்கார்ந்தேன். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. அங்கே போய்விட்டால் போதும் என்று நினைத்தோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி மெதுவாகப் போனது. கடைசிப் பெட்டி தாண்டுமுன் என் மடியில் மணி துவண்டுவிட்டது.

வளர்ந்த பிறகு ஒரு கால்நடை மருத்துவர் விளக்கினார். அந்தப் பொடி ஜிங்க் பாஸ்பைடு. வயிற்று அமிலம் பட்டால் பாஸ்பின் என்ற நச்சு வாயுவாக மாறும். எலியின் குடலில் கரையாமல் கிடப்பது நாயையும் கொல்லும். வயிற்றில் சோறு விழுந்தால் அமிலம் கூடும், வாயுவும் கூடும். அம்மாவிடம் இதை நான் கடைசிவரை சொல்லவில்லை.

நாய் வளர்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன். மழை ராத்திரியில் உங்கள் நாய் நுரை தள்ளினால் கட்டையைத் தேடாதீர்கள், தேரையைத் தேடுங்கள். எலி மருந்து என்று சந்தேகம் வந்தால் பாலும் வேண்டாம், சோறும் வேண்டாம். மருந்துப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு அந்த நிமிஷமே டாக்டரிடம் ஓடுங்கள்.