பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்

டிசம்பர் 2, 2024

நவம்பர் கடைசி வாரம் முழுவதும் கடலோரமாகவே ஊர்ந்துவந்து 30ஆம் தேதி புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின் மழை ஒருவாறு ஓய்ந்து, கும்பகோணத்துத் தெருக்களில் தேங்கியிருந்த நீரும் வடிந்து, இனி அச்சமில்லை என்று நாங்கள் ஆறுதலடைந்திருந்த வேளையில், இன்று விடியற்காலை எங்கள் வீட்டு நடு அறையின் மேல்தளத்திலிருந்து காரையும் அதனுடன் நாலைந்து செங்கல்லும் பெயர்ந்து அம்மாவின் கட்டிலுக்கு இரண்டு முழம் தள்ளி விழுந்தன. அம்மாவுக்கு 84 வயது. சத்தம் கேட்டு ஓடிச்சென்று விளக்கைப் போட்டபோது அவள் எழுந்து உட்கார்ந்து, தரையில் கிடந்ததைப் பார்க்காமல் மேலே தெரிந்த துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டைக்கு ஒண்ணும் ஆகலையே, தம்பி?" என்றுதான் முதலில் கேட்டாள்.

அவள் கேட்டது தேக்கங்கட்டைகளை. பொறியாளர்கள் மெட்ராஸ் டெரஸ் என்றும், பழைய கொத்தனார்கள் கட்டைக்குத்து என்றும் சொல்லும் தளம் எங்களுடையது. சுவருக்குச் சுவர் வரிசையாகப் போட்ட தேக்கங்கட்டைகளின் மேல், 6 அங்குல நீளமும் 3 அங்குல அகலமும் 1 அங்குலக் கனமும் உள்ள சிறு செங்கற்களை மூலைவாட்டில் நெட்டுக்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தினால் பிணைத்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை 3 அங்குலம் பரப்பி, மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதித்து முடிப்பார்கள். இரும்பும் சிமென்டும் இல்லாமல் என் பாட்டனார் காலத்திலிருந்து எங்களைக் காத்துவந்த தளம் அது.

எவ்வளவு செலவாகும், எத்தனை நாளாகும் என்ற இரண்டு கேள்விகள் காலையிலிருந்து மனத்தை விட்டு அகலவில்லை. எழுதி வைத்தாலாவது விசாரம் ஓரிடத்தில் நிற்குமோ என்று இதைத் தொடங்குகிறேன்.

டிசம்பர் 4

அம்மாவைத் திருவாரூரில் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மாசி மகத்துக்குள் வந்துவிடலாமா என்று கேட்டாள். வந்துவிடலாம் என்று சொன்னேன்.

டிசம்பர் 9

இரண்டு மதிப்பீடுகள் வந்திருக்கின்றன. முதலாமவர் அநுபவமுள்ள பொறியாளர். கூடமும் அறைகளுமாக 600 சதுர அடி, அதாவது 6 சதுரம், முழுவதையும் இடித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடுவதே உசிதம் என்பது அவர் அபிப்பிராயம். செலவு 7,25,000 ரூபாய், அவகாசம் 45 நாள். இரண்டாமவர் இளம் ஒப்பந்தக்காரர். அவரும் இடிக்கத்தான் சொல்கிறார். ஆனால் சதுர அடிக்கு 650 ரூபாய் வீதம் 3,90,000 ரூபாயில், 25 நாளில் முடித்துச் சாவியைக் கையில் கொடுத்துவிடுவதாக வாக்களிக்கிறார்.

ஒரே வீட்டுக்கு, ஒரே வேலைக்கு, நாணயஸ்தர்களாகவே தோன்றும் இருவர் சொல்லும் தொகைகளுக்கு இடையே ஒரு சிறு வீட்டையே வாங்கக்கூடிய காலம் ஒன்று இருந்தது. எங்கிருந்து இந்த வித்தியாசம் வந்தது என்று இரு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாலை முழுவதும் கணக்குப் போட்டேன். குறைந்த தொகைக் காகிதத்தில் உள்ளவை எல்லாம் நியாயமான விலைதான். அதில் இல்லாதவற்றில்தான் மர்மம் இருக்கிறது. இடித்த காரையை அப்புறப்படுத்தும் செலவு அதில் இல்லை. செங்கல் 3 அங்குலம், ஜல்லி 3 அங்குலம், தட்டோடு 2 அங்குலம், ஆக 8 அங்குலக் கனத்தில் 600 சதுர அடியென்றால் 400 கன அடி. உடைக்கும்போது பெருகுவதைக் கணக்கில் சேர்க்காமலே 4 யூனிட். எடை 20 டன்னை எட்டும். லாரி நுழையாத எங்கள் சந்தில் அவ்வளவையும் கூடைகூடையாகத் தலைச்சுமையாக வெளியேற்ற வேண்டும்; அந்தக் கூலி யார் பொறுப்பு? மின்கம்பிகளைப் பிடுங்கி மறுபடி பதிப்பது, தளம் போனபின் சுவர்த்தலையைச் சீர்செய்வது, உட்பூச்சு, வெள்ளையடிப்பு ஆகியவையும் இல்லை. இந்த 2024ஆம் ஆண்டில் சிமென்டுக்கு மட்டும் 28 சதவீதம் வரி உண்டு என்பதையும், விலைகள் வரி சேர்த்தவையா சேர்க்காதவையா என்பதையும் இரண்டு காகிதங்களுமே கூறவில்லை.

நாட்கணக்கிலும் அதே குறை. ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநூல், நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்குக் கீழே முட்டுக்கள் குறைந்தது 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேற்பட்ட அகலத்துக்கு 14 நாள் நிற்க வேண்டும் என்று விதிக்கிறது. இளைஞர் காட்டிய அட்டவணையில் கான்கிரீட் போட்ட நான்காம் நாளே உட்பூச்சு ஆரம்பமாகிவிடுகிறது. முட்டு நிற்கும் அறையில் எவர் நின்று பூசுவார்?

டிசம்பர் 10

இரவெல்லாம் உறக்கமில்லை. இவ்வளவு குறைகளைக் கண்டபிறகும் 3,90,000 என்ற எண்தான் மனத்துக்கு இதமாக இருக்கிறது.

டிசம்பர் 15

தெருக்கோடி வீட்டார் சொன்னதன்பேரில் ஒரு முதிய மேஸ்திரி வந்தார். பொறியாளரைப் போல நாடா பிடித்து அளக்கவில்லை. இளைஞரைப் போலக் கைப்பேசியில் படமும் எடுக்கவில்லை. ஏணி போட்டு ஏறி, கரணையின் பிடியால் ஒவ்வொரு கட்டையையும் நடுவிலிருந்து சுவர்ப் பக்கமாகத் தட்டிக்கொண்டே போனார். நடுவில் கணீரென்று வந்த ஓசை வடக்குச் சுவரை நெருங்க நெருங்கச் சில கட்டைகளில் மந்தமாகியது; கீழே நின்ற எனக்கும் அந்த வேறுபாடு காதில் விழுந்தது. பிறகு மொட்டைமாடிக்குப் போய்த் தூம்பு வாயை நோண்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"எவ்வளவு ஆகும், மேஸ்திரி?"

"பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும், சார்."

"உத்தேசமாகவாவது ஒரு தொகை சொல்லுங்களேன்."

"உத்தேசம்னு நான் சொல்லுவேன். நீங்க அதையே முடிவா மனசுல வெச்சுக்குவீங்க. அப்புறம் நமக்குள்ள மனஸ்தாபம் வரும். ரெண்டு நாள் கூலி கொடுங்க. சுவத்துக்குள்ள போற தலைமாட்டுல மட்டும் ஒரு முழம் பிரிச்சுப் பார்க்கிறேன். கட்டை அங்கதான் கெடும். பார்த்துட்டுச் சொல்றேன்."

அதுவும் உடனே அல்ல. நாளை மார்கழி பிறக்கிறது. மார்கழியில் அவர் புதுவேலை தொடங்குவதில்லை. தை பிறந்து, பொங்கல் கழிந்து, ஊருக்குப் போன ஆட்கள் திரும்பிய பிறகுதான் வருவாராம்.

மிகுந்த கோபம் வந்தது. வீட்டில் மழை ஒழுகுகிறவனிடம், அம்மாவைப் பிறர் வீட்டில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறவனிடம், தெரியாது என்று ஒரு மனிதர் இவ்வளவு அமைதியாகச் சொல்லிவிட்டு எழுந்து போகலாமா?

டிசம்பர் 28

சென்னையிலிருந்து வந்திருந்த மகள் எங்கள் சங்கடத்தைக் கேட்டுவிட்டு, கானமன் என்ற மனோதத்துவ அறிஞரின் நூலொன்றைக் கொடுத்துச் சென்றாள். அவரும் ட்வெர்ஸ்கி என்ற அவருடைய சகாவும் 1979இலேயே செலவையும் நாளையும் குறைத்தே மதிப்பிடும் இந்த மயக்கத்துக்குப் பெயர் சூட்டி ஆராய்ந்திருக்கிறார்கள். 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் சமையலறையைப் புதுப்பித்துக்கொண்ட வீட்டுக்காரர்களை விசாரித்ததில், சராசரியாக 18,658 டாலர் ஆகுமென்று எதிர்பார்த்தவர்கள் முடிவில் சராசரியாக 38,769 டாலர் கொடுத்திருந்தார்கள் என்று அந்த நூலில் கண்டேன். தன் காரியத்தை உள்ளிருந்தே பார்க்கிறவன், எல்லாம் செவ்வனே நடந்தால் எப்படியிருக்குமோ அதையே கணக்காக எடுத்துக்கொள்கிறான். ஆகையால் இதே போன்ற காரியத்தை முன்னர்ச் செய்தவர்களுக்கு உண்மையில் என்ன ஆயிற்று என்பதை வெளியே போய் விசாரிக்க வேண்டும் என்பது அவருடைய யோசனை.

எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் தளம் பழுதுபார்த்த வீடுகள் சில உண்டு. இந்த வாரம் ஒவ்வொன்றாகப் போய்வந்தேன். எல்லா வீட்டிலும் ஒரே அநுபவம்: எவ்வளவு ஆயிற்று என்று கேட்டதும் வீட்டுத் தலைவர் ஒரு தொகை சொல்வார், காபி கொண்டுவரும் அம்மையார், "அது ஆரம்பத்துல சொன்னதுங்க" என்று சொல்லிவிட்டு, அடகு வைத்த வளையல், முதிர்வதற்கு முன்பே எடுத்த அஞ்சலகச் சேமிப்பு, பெண் கல்யாணத்துக்கு ஒதுக்கியிருந்த சீட்டுப் பணம் என்று வரிசையாக நினைவுகூர்ந்து உண்மைத் தொகையைக் கூறுவார். ஆண்களின் ஞாபகத்தில் மதிப்பீடும் பெண்களின் ஞாபகத்தில் செலவும் தங்கியிருக்கின்றன. ஒன்றரை மடங்குக்குக் குறைந்து முடிந்த வீடு ஒன்றுகூட இல்லை.

காரணம் கேட்டால் எவரும் மேஸ்திரியைக் குறைகூறவில்லை. "கையோட இதையும் முடிச்சுடலாமேன்னு தோணிச்சு" என்றார்கள். தளத்தோடு குளியலறை ஓடு, அதோடு கதவு, அதோடு கொல்லைச் சுவர். ஆட்கள் வந்து நிற்கும்போது அற்ப வேலையாகத் தோன்றுவதும், தனியாகக் கேட்டிருந்தால் ஒருபோதும் சம்மதித்திருக்க மாட்டோம் என்று பின்னர்த் தெரியவருவதும் அந்தக் கையோடு வேலைகள்தாம். எங்கள் பட்டியலிலும் அப்படி ஒரு வரி இருந்தது. சமையலறைத் தரை. அடித்துவிட்டேன்.

ஜனவரி 3, 2025

தெருவெங்கும் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறார்கள். நடு அறை பூட்டியபடி இருக்கிறது.

ஜனவரி 22

சொன்ன சொல் தவறாமல் மேஸ்திரி வந்தார். நடு அறையில் ஏழு கட்டைகளின் வடக்குத் தலைகளையும் ஒவ்வொரு முழம் பிரித்துக் காட்டினார். ஐந்து கட்டைகள் அறுத்துப் பார்த்தால் இன்றும் எண்ணெய் மணக்கும் தேக்கு. இரண்டின் தலைகள் சுவருக்குள் உளுத்து, விரலால் அழுத்தினால் உதிர்ந்தன. அந்த இரண்டுக்கும் நேர் மேலேதான் மாடித் தூம்பு அடைபட்டுக் கிடந்தது. எத்தனையோ வருஷ மழை அங்கே நின்று, சுவருக்குள் இறங்கி, வெளியே தெரியாமல் மரத்தைத் தின்றிருக்கிறது.

திண்ணையில் உட்கார்ந்து ஒரு நோட்டைக் கேட்டு வாங்கிக் கணக்கு எழுதினார். இரண்டு கட்டைக்குப் பழைய தேக்கு, செங்கல், சுண்ணாம்பு, தட்டோடு ஆகிய கண்ணால் கண்ட பொருள்களுக்கு ஒரு தொகையைத் துணிவாக எழுதினார். ஆட்கூலிக்குக் குறைந்தது இவ்வளவு, மிஞ்சினால் இவ்வளவு என்று இரு தொகைகள். மூன்றாம் அறைக்கு நேராக ஒன்றும் எழுதாமல் ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டு, "அதை இன்னும் பார்க்கலை, சார்" என்றார்.

முழுவதும் இடிக்க வேண்டியதில்லை; அறை அறையாகச் செய்தால் போதும் என்கிறார். நான் கண்ட மதிப்பீடுகளில் வெற்றிடம் விட்டிருந்த காகிதம் இது ஒன்றுதான். அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

ஜனவரி 31

காலத்தை மதிப்பிடுவது பணத்தை மதிப்பிடுவதைக் காட்டிலும் கடினம் என்று இப்போது எண்ணுகிறேன். பணம் குறைந்தால் கடன் கேட்கலாம். நீற்றிய சுண்ணாம்பு ஊறவேண்டிய நாளைக் கடன் வாங்க முடியாது. கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளிக்கவேண்டிய நாளையும் அப்படியே. ஜல்லி பரப்பியபின் மூன்று நாளாவது இடைவிடாமல் அடிக்க வேண்டும். அடிக்கும் கட்டை தளத்தில் பதியாமல் கைக்குத் திரும்பி எம்பும்போதுதான் இறுகிவிட்டது என்று அர்த்தம். அதன் பின்னும் உலரவிடாமல் ஈரம் காக்க வேண்டும். அதை அடிக்கத் தெரிந்த பெண்களோ இப்போது சம்பா அறுவடைக்குப் போயிருக்கிறார்கள். புயல் மழையில் மூழ்கி மிஞ்சிய பயிர். அவர்களை அங்கிருந்து அழைக்க எவருக்கு மனம் வரும்?

பொறியாளரின் 45 நாளும் இளைஞரின் 25 நாளும், மழையும் மார்கழியும் பொங்கலும் அறுவடையும் இல்லாத ஏதோ ஒரு தேசத்தின் நாட்கள்.

பிப்ரவரி 9

மனம் சரியாக இல்லை. மதியம் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள். எப்போது வரலாம் என்று கேட்பாள், மாசி மகம் நெருங்குகிறதே, என்ன சமாதானம் சொல்வது என்று தயங்கித் தயங்கித்தான் எடுத்தேன்.

"கட்டை மாத்தியாச்சா?"

"ரெண்டும் மாத்தியாச்சும்மா. பழைய தேக்குதான் கிடைச்சது."

"தலையில எண்ணெய் தடவினாங்களா? சுவத்துக்குள்ள போற எடத்துல?"

"தடவினாங்க."

"கடுக்காய்த் தண்ணி வெச்சிருக்கா? நான் கல்யாணமாகி வந்த வருஷம் மாட்டுக்கொட்டாய்க்குப் பக்கத்து அறை போட்டாங்க. பன்னெண்டு பொம்பளைங்க ரெண்டு வரிசையா உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கிட்டே அடிச்சாங்க. பாட்டு நின்னா அடி தப்பிப்போகும்னு உங்க அப்பாயி அவங்களுக்கு மோர் கொடுத்துக்கிட்டே இருந்தாங்க. தளம் போட்டப்புறம் தண்ணி கட்டி நிறுத்திப் பார்க்கச் சொல்லு, தம்பி. ஒரு ராத்திரி பூரா நிக்கணும்."

நெடுநேரம் பேசினாள். எந்த அறை, எந்தப் பக்கத்துக் கட்டை, தூம்பை இப்போது எந்தத் திசையில் வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தேதியைக் கேட்கவேயில்லை. நாளை மறுபடி கூப்பிடச் சொல்லியிருக்கிறாள். செங்கல் நிறுத்தும் வேலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 11

செங்கல் நிறுத்தி முடிந்தது. கீழிருந்து பார்த்தால் பாய் பின்னியது போல இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன்.

பிப்ரவரி 13

மாசி பிறந்துவிட்டது. நாளை ஜல்லி பரப்புகிறார்கள். அடிப்பதற்கு எட்டுப் பெண்கள் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து பேர் வந்தாலும் தொடங்கிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. மோருக்குப் பால்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இன்றுவரை ஆன செலவு ரூபாய் 1,34,600. மூன்றாம் அறையை இன்னும் பிரிக்கவில்லை.