விரலும் வாசிக்கும்

நம் வீட்டிலே பார்வையற்ற பெரியம்மா ஒருவர் இருந்தார். பனங்குருத்தோலையை வார்ந்து அவர் இழைத்த பெட்டிகளிலேதான் ஒடியலும் புழுக்கொடியலும் இருந்தன. கண்ணுள்ள நமக்குப் புலப்படாத பின்னற் பிசகை அவர் விரல் கண்டுவிடும்.

ஒருமுறை அவரைக் கலைக்கண்காட்சி ஒன்றிற்கு அழைத்துச் சென்றோம். ‘தொடாதீர்’ என்ற பலகையை நாமே அவருக்கு வாசித்துக்காட்ட நேர்ந்தது. ஆயுள் முழுதும் கைவேலை செய்தவர் கைகட்டி நின்றார். நாம் வெட்கினோம்.

ஓவியர் தா. சனாதனனின் தோம்பு நூல் 2011இல் வெளிவந்தது. வீடிழந்து இடம்பெயர்ந்த மக்கள் நினைவிலிருந்து தம் கையாலேயே வரைந்த வீட்டுப்படங்களே அதன் அடிப்படை. சாதாரண குடும்பத்தின் அடுக்களையும் முற்றமும் கலையின் பொருளாகும் என்பதை அது மெய்ப்பித்தது.

அவ்வழியில் நாம் இன்னும் ஓரடி வைக்கலாம். சுவருக்கு ஈர்க்கு, வேலிக்குத் தும்புக்கயிறு, முற்றத்துக்கு மணல் எனப் பலகையொன்றில் ஒட்டினால், வீட்டுப்படத்தை விரலும் வாசிக்கும். இரைச்சலைத் தாங்கமாட்டாத பிள்ளைகளுக்கென ஒலிபெருக்கியற்ற ஒருமணி நேரத்தைக் கண்காட்சிதோறும் ஒதுக்கலாம். இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. ஆசிரியரும் மாணவரும் முனைந்தால் ஒரு வகுப்பறையே போதும்.

கலை மக்களுடையது என்று மேடைதோறும் முழங்குகிறோம். அம்மக்களுள் பெரியம்மாவும் ஒருவர்.