தெப்பக்குளத்துக் கரையில் எட்டு நாள்

மதுரைக்குப் போகிறவர்கள் மீனாட்சியைப் பார்ப்பார்கள், விளக்குத்தூண் பக்கம் போய் ஜவுளி எடுப்பார்கள், வெயிலுக்கு ஒரு ஜிகர்தண்டா குடிப்பார்கள். நான் போன தை மாதம் எட்டு நாள் மதுரையில் இருந்தேன். கோயில் வாசலை மிதிக்கவில்லை. ஒரு கைக்குட்டைகூட வாங்கவில்லை. வண்டியூர் தெப்பக்குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி, என் தங்கை வீட்டில், ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டிய ஓர் அறையில், என் மகளுக்குச் சொட்டு மருந்து விட்டபடி உட்கார்ந்திருந்தேன். இதுவும் ஒரு பயணமா என்று கேட்காதீர்கள். எனக்கு அது பெரிய பயணம்தான்.

பெரியவளுக்கு இருபத்து நாலு வயசு. மூன்றாம் வகுப்பில் போட்ட கண்ணாடி, வருஷா வருஷம் கனத்து, மைனஸ் ஆறரையில் வந்து நின்றது. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. "லேசர் பண்ணிக்கப் போறேம்மா, காசு சேர்த்து வச்சிருக்கேன். காலைல எந்திரிச்சதும் தலைமாட்டில தடவாம மணி பார்க்கணும், அவ்வளவுதான்" என்றாள். எனக்கோ உள்ளுக்குள் வேறு கணக்கு. சாத்தூர் பக்கத்து வரன் ஒன்று கூடி வரும் போலிருந்தது. அனுப்பிய போட்டோவில் அவள் லென்ஸ் போட்டிருந்தாள். "பொண்ணுக்குக் கண்ணாடி உண்டா?" என்று அந்தம்மா போனில் கேட்டபோது, "அதெல்லாம் இல்லைங்க" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். எப்படியும் போகப் போகிற கண்ணாடிதானே என்று சமாதானம் வேறு.

கண்ணுக்கு மதுரை என்பது எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கத்தில் பழைய வழக்கம். எட்டயபுரத்துக்குப் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்தவர் டாக்டர் வெங்கடசாமி. முடக்குவாதத்தில் கோணிப் போன விரல்களை வைத்துக்கொண்டே கண் அறுவை கற்றவர். அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்ற பிறகு, 1976ல் 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். அது இன்று உலகமே வந்து பார்த்துப் போகும் இடமாகிவிட்டது. மதுரையில் இன்று வேறு கண் ஆஸ்பத்திரிகளுக்கும் குறைவில்லை. என் அம்மாச்சிக்கு 1980களில் புரை எடுத்தபோது, கண்ணைக் கட்டி, தலையை அசைக்கக் கூடாது என்று மல்லாக்கப் படுக்க வைத்திருந்தது நினைவிருக்கிறது. அந்தப் பயம்தான் எனக்குள் இருந்தது.

மாட்டுத்தாவணியில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம். பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே லென்ஸ் போடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். லென்ஸ் அழுத்தி அழுத்திக் கருவிழியின் வடிவம் மாறியிருக்குமாம், அது பழைய நிலைக்கு வந்தால்தான் அளவு சரியாக இருக்குமாம். கருவிழியைப் படம் எடுத்தார்கள். கண்ணுக்குள் சொட்டு விட்டு விழித்திரையையும் பார்த்தார்கள். கருவிழியின் தடிமன் எல்லோருக்குமே அரை மில்லிமீட்டர் சுமார்தான். என் மகளுக்கு அதைவிடக் கொஞ்சம் மெலிசு.

"லாசிக்ல மேல ஒரு மெல்லிய மூடி மாதிரி வெட்டித் திறந்து, உள்ளே லேசர் விட்டு, மூடிடுவோம். மறுநாளே பார்வை வந்துடும். உங்க பொண்ணுக்கு மூடி வெட்டுற அளவுக்குக் கனம் இல்லை. மேல்தோலை மட்டும் எடுத்துட்டு லேசர் விடலாம். முடிவு ரெண்டும் ஒண்ணுதான், ஆனா ஆறுறதுக்கு நாளாகும். வலியும் இருக்கும்" என்றார் டாக்டரம்மா. மகள் தலையாட்டினாள். நான் 'நாளாகும்' என்ற வார்த்தையைக் காதில் போட்டுக் கொள்ளவே இல்லை.

உள்ளே போனவள் அரை மணியில் வெளியே வந்துவிட்டாள். ஊசி கிடையாது, சொட்டு விட்டே மரத்துப் போக வைத்தார்களாம். ஒரு விளக்கையே பார் என்றார்களாம். முடி கருகுகிற மாதிரி ஒரு வாடை வந்ததாம். இரண்டு கண்ணிலும், புண் ஆறும் வரைக்கும் கட்டுப் போல இருக்க, பவர் இல்லாத லென்ஸ் ஒன்று வைத்திருந்தார்கள். "ஒண்ணுமே வலிக்கலைம்மா!" என்று ஆட்டோவில் சிரித்துக்கொண்டே வந்தாள். காமராஜர் சாலை முழுக்கத் தெப்பத் திருவிழாவுக்குப் பந்தல் போட்டுக் கொண்டிருந்தார்கள். ஆகா, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

மரப்பு விட்டதும்தான் தெரிந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டு கண்ணிலும் தாரை தாரையாகத் தண்ணீர். மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கிறது என்றாள். குண்டு பல்பு வெளிச்சம்கூட ஆகவில்லை. அப்போதுதான் தங்கை தன் போர்வைகளை எல்லாம் எடுத்து ஜன்னலில் கட்டினாள். இப்படித்தான் இருக்கும், இரண்டாம் மூன்றாம் நாள் இன்னும் கூடும், பிறகு குறையும் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். மாத்திரையும் இருந்தது. ஆனாலும் பெற்றவளுக்குச் சீட்டைப் படித்தால் மனசு ஆறுமா? "அந்த மரத்துப் போற சொட்டையே கொடுங்களேன்" என்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கெஞ்சினேன். "அதை வீட்ல விட்டா தோல் வளராதும்மா, புண் ஆறாது" என்று கண்டிப்பாக மறுத்துவிட்டார்கள்.

தங்கையின் மாமியாருக்கு எண்பது வயசு. பாசத்தில் குறைவில்லை, வைத்தியத்திலும் குறைவில்லை! காலையில் ஒரு கிண்ணம் நிறைய நந்தியாவட்டைப் பூ பறித்து வந்துவிட்டார். "இதைப் பிழிஞ்சு விடு தாயி, குளுகுளுன்னு இருக்கும்." மறுநாள் விளக்கெண்ணெய். வெள்ளிக்கிழமை வந்ததும், எண்ணெய் தேய்த்துத் தலை முழுகினால் சூடு இறங்கும் என்றார். கண்ணில் தோலே இல்லாத நேரத்தில் பச்சைப் பூச்சாறும் குழாய்த் தண்ணீரும் பட்டால் சீழ் பிடிக்கும், பார்வைக்கே ஆபத்து என்று சொல்லிப் புரிய வைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. சகோதரிகளே, நம் வீடுகளில் இந்த இடத்தில்தான் உறுதியாக இருக்க வேண்டும். பெரியவர்கள் மனம் நோகும் என்று ஒரு சொட்டு விட்டுவிடாதீர்கள். நான் பூவை வாங்கிச் சாமி படத்துக்கு வைத்தேன். அவருக்கும் திருப்தி!

தலைக்குக் குளியல் இல்லை. முகத்துக்கு ஈரத் துணியால், கண்ணை விட்டுத் துடைப்பதுதான். பவுடர் இல்லை, மை இல்லை. தங்கை அந்த எட்டு நாளும் மிளகாய் வறுக்கவில்லை, தாளிப்பைக்கூடப் பின்கட்டு அடுப்பில் வைத்துக் கொண்டாள். தூக்கத்தில் கண்ணைக் கசக்கிவிடக் கூடாதென்று ராத்திரியில் பிளாஸ்டிக் மூடி ஒட்டிவிடுவோம். சொட்டு மருந்து மூன்று வகை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழ் இமையை இழுத்து, பாட்டில் நுனி இமையில் படாமல் ஒரே சொட்டு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிஷம் இடைவெளி. மணி பார்த்து மணி பார்த்து, பால்காரர் வருவதும் கோலமாவு விற்பவர் கூவுவதும் எனக்குச் சொட்டு மருந்து நேரமாகவே கேட்க ஆரம்பித்தது.

மூன்றாம் நாள் இரவு அவளுக்குத் தூக்கமில்லை. பேச்சுத் துணைக்குத் தங்கை வீட்டுக்காரர் ஒரு கதை சொன்னார். இந்த லேசரால் உடம்புச் சதையைச் சூடு படாமல் துல்லியமாகச் செதுக்கலாம் என்று கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம் மெட்ராஸில் பிறந்தவர். ரங்கசாமி ஸ்ரீனிவாசன் என்று பெயர். அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை. 1981 நவம்பரில் பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழிக் கறியைக் கொண்டு போய்ச் சோதனை செய்து பார்த்தாராம். அதைப் பிறகு கண் டாக்டர் ஒருவரோடு சேர்ந்து கருவிழிக்குக் கொண்டு வந்தார்கள்.

"கோழியில வெட்டிப் பார்த்ததையா பிள்ளை கண்ணுல வச்சாக?" என்று இருட்டுக்குள்ளிருந்து பாட்டி குரல். மூன்று நாளில் அன்றுதான் மகள் சிரித்தாள்.

நாலாம் நாள் வலி குறைந்தது. சாயங்காலம் சாத்தூரிலிருந்து போன். "வெள்ளிக்கிழமை நாள் நல்லாருக்கு. பொண்ணைப் பார்க்க வர்றோம்." இரண்டு வாரம் கழித்துத்தான் என்று பேச்சு. நான் என்னென்னவோ சொல்லித் தள்ளிப் போடப் பார்த்தேன். அந்தம்மா விடவில்லை. "ஒரு வார்த்தை கேக்கணும். பொண்ணு கண்ணாடி போட்டுக்கிட்டு பஸ்ல போனதை எங்காளு ஒருத்தர் பார்த்தேன்கிறார். நீங்க இல்லைன்னு சொன்னீங்களே?" என்றார். "அது... வெயிலுக்குப் போடுறது" என்று உளறி, போனை வைத்தேன்.

திரும்பினால், கட்டில் பக்கம் சத்தமே இல்லை. பிறகு கேட்டாள்: "எனக்குக் கண்ணாடி இல்லைன்னா சொன்னே?"

கண்ணை மூடியபடிதான் கேட்டாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நான் உனக்காகவா இதைப் பண்ணிக்கிட்டேன்னு எனக்கே இப்பச் சந்தேகமா இருக்கும்மா" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்ல?

மறுநாள் ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டு லென்ஸை எடுத்தார்கள். வீட்டில் நாமாக எடுக்கக் கூடாது, தானாக விழுந்தாலும் திரும்ப வைக்கக் கூடாது. லென்ஸை எடுத்தால் பளிச்சென்று தெரியும் என்று நம்பியிருந்தாள். தெரியவில்லை! எழுத்தெல்லாம் கலங்கிப் போயிருந்தது. பக்கத்தில், அவளுக்கு ஆபரேஷன் நடந்த அதே நாளில் லாசிக் செய்து கொண்ட ஒரு பெண், போர்டின் கடைசி வரிசையைக் கடகடவென்று படித்துவிட்டுப் போனாள். என் மகள் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "எடுத்த தோல் ஓரத்திலேர்ந்து நடுவை நோக்கி வளரும். நாலு பக்கமும் வந்து சேர்ற இடம் கருவிழியோட நடு. நாம பார்க்கிறதே அது வழியாத்தானே? அந்தத் தையல் வழவழப்பாகிற வரைக்கும் மங்கலாத்தான் இருக்கும். வாரா வாரம் தெளியும், முழுசா நிலைக்க மூணு மாசம்கூட ஆகும்." ஸ்டீராய்டு சொட்டைச் சொன்ன கணக்கில் குறைக்க வேண்டும், நம் இஷ்டத்துக்கு நிறுத்தவோ நீட்டவோ கூடாது, கண்ணில் அழுத்தம் கூடுகிறதா என்று அடுத்த மாதம் பார்க்க வேண்டும். வெயிலில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் சில மாதம் வெளியே போகக் கூடாது, போனால் கருவிழியில் புகை படியலாம். குறைந்த வலி திரும்பக் கூடினாலோ, சிவந்து சீழ் வந்தாலோ, பார்வை சட்டென்று குறைந்தாலோ அன்றைக்கே வர வேண்டும். கண் கொஞ்ச மாதம் வறண்டே இருக்கும், கம்ப்யூட்டர் முன்னால் அடிக்கடி இமைக்க வேண்டும். "மீனாட்சி மாதிரி இமைக்காம பார்த்துக்கிட்டே இருக்கக் கூடாது பாப்பா" என்றாள் நர்ஸ்.

இன்னொன்றும் சொன்னார், அதை நான் எதிர்பார்க்கவில்லை. கண்ணாடி போனாலும் கண் அதே கண்தானாம். மைனஸ் உள்ள கண் நீளமான கண்; லேசர் அந்த நீளத்தைக் குறைப்பதில்லை. அதனால் விழித்திரையை வருஷம் ஒரு தடவை பார்க்கத்தான் வேண்டும். நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்தும் எல்லோரையும் போல வரும், அப்போது படிக்கக் கண்ணாடி போடத்தான் வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் நானே சாத்தூருக்குப் போன் செய்தேன். மகள் பக்கத்தில்தான் இருந்தாள். "நான் சொன்னது பொய்ங்க. எட்டு வயசிலேர்ந்து கண்ணாடி போட்ட பிள்ளை. இப்பத்தான் லேசர் பண்ணியிருக்கோம், ஆறிக்கிட்டு இருக்கு. வெள்ளிக்கிழமை முடியாது. பிறகு படிக்கக் கண்ணாடி வந்தாலும் வரும்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். அந்தம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "யோசிச்சுச் சொல்றோம்" என்று வைத்துவிட்டார். மகளும் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது என் தட்டில் அவளாகவே இன்னொரு இட்லி வைத்தாள்.

எட்டாம் நாள் தைப்பூசம். மீனாட்சியும் சுந்தரேசுவரரும் கோயிலை விட்டுத் தெப்பக்குளத்துக்கு வந்துவிட்டார்கள். திருமலை நாயக்கர் வெட்டிய குளம். வைகைத் தண்ணீர் வராத வருஷங்களில் தெப்பம் நின்ற இடத்திலேயே நின்றதும் உண்டு. இந்த வருஷம் தளும்பியது. கூட்டத்துக்கும் தூசிக்கும் அவளைக் கூட்டிப் போக முடியாது. கரையோரம் இருக்கும் தங்கையின் சிநேகிதி வீட்டு மொட்டை மாடிக்குப் போனோம். காலையில் இரண்டு சுற்று முடிந்திருந்தது. இது இரவுச் சுற்று. வடம் பிடித்து இழுக்க இழுக்க, தெப்பம் மைய மண்டபத்தைச் சுற்றி மெதுவாக வந்தது.

"என்ன தெரியுது பாப்பா?"

"ஒவ்வொரு விளக்கைச் சுத்தியும் ஒரு வளையம் இருக்கும்மா. தண்ணியில இருக்கிற விளக்குக்கும்." இரவு வெளிச்சத்தில் இப்படி வளையம் தெரியும், சில மாதத்தில் குறையும் என்று அதையும் சீட்டில் எழுதியிருந்தார்கள். கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நடு மண்டபத்துக் கோபுரம் தெரியுது. தெப்பத்துல ஆளுங்க நிக்கிறது தெரியுது, முகம்தான் தெரியலை" என்றாள். மூக்கின் மேல் கையைக் கொண்டு போய், இல்லாத கண்ணாடியைத் தள்ளிவிட்டுக் கொண்டாள். பதினாறு வருஷப் பழக்கம் அல்லவா!

எட்டரை மணி. செல்போனில் வைத்திருந்த அலாரம் அடித்தது. கையோடு கொண்டு போயிருந்த தண்ணீரில் கை கழுவிக்கொண்டு, மாடி விளக்கடியில் அவளை உட்கார வைத்துச் சொட்டு விட்டேன்.

இப்போது அவள் கோவையில் வேலைக்குப் போகிறாள். பஸ் நம்பர் தெரிகிறது, காலையில் மணியும் தெரிகிறது. சாத்தூரிலிருந்து இதை எழுதும் வரை போன் இல்லை, நாங்களும் செய்யவில்லை. அடுத்த வாரம் கண் அழுத்தம் பார்க்க மறுபடி மதுரை போகிறோம். இந்தத் தடவை கோயிலுக்கும் போகலாம் என்றிருக்கிறோம்.